எதிரொலி எந்த வழியாக வருகிறது?

நேரலை தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, அரட்டைப் பெட்டியில் முதல் புகார் வந்துவிடும்: "அண்ணா, எக்கோ அடிக்குது." அடுத்து இன்னொருவர்: "எல்லாம் ரெண்டு ரெண்டா கேக்குது." பேசுகிறவருக்கோ எல்லாம் சரியாகத்தான் கேட்கும். மைக்கைத் தட்டிப் பார்ப்பார், ஒலியளவைக் கூட்டிக் குறைப்பார், கணினியைக்கூட அணைத்துப் போடுவார். அதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். படம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழும் பேச்சை யாராலும் நெடுநேரம் கேட்க முடியாது.

கணினி வழி நேரலையில் எதிரொலி எத்தனை விதமாகத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரே ஒலி இரண்டு வழிகளில் பார்வையாளரின் காதுக்குப் போகிறது; ஒரு வழி மற்றதைவிட நீளமாக இருக்கிறது. அந்த இரண்டாம் வழியைக் கண்டுபிடித்து அடைத்தால் எதிரொலி நின்றுவிடும். புதிய மைக் வாங்குவதோ இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போடுவதோ இதற்கு உதவாது. நேரலை மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் உள்ள ஆர்என்நாய்ஸ் போன்ற வடிகட்டிகள் மின்விசிறிச் சத்தத்தையும் மனிதக் குரலையும் பிரித்துப் பார்க்கப் பழக்கப்பட்டவை. எதிரொலியும் மனிதக் குரல்தானே, அதை அவை அப்படியே விட்டுவிடும்.

இரண்டாம் வழியைக் காட்டிக்கொடுக்கும் தடயம் தாமதம். முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் நடுவே எத்தனை மில்லி விநாடி என்று தெரிந்தால், பெரும்பாலும் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமானால் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் வரை போய்த் திரும்ப 34 மீட்டர். ஆக 100 மில்லி விநாடி. பாடநூலுக்கு இந்தக் கணக்கு போதும். காது இதைவிட நுட்பமானது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்மூட் ஹாஸ் 1949-இல் முனைவர் பட்டத்துக்காக இதையே ஆராய்ந்தார். ஒரே பேச்சை இரண்டு ஸ்பீக்கர்களில், ஒன்றில் சற்றுத் தாமதமாக ஒலிக்கவிட்டார். தாமதம் 5 முதல் 30 மில்லி விநாடிக்குள் இருக்கும்வரை கேட்பவர்களுக்கு ஒரே குரல்தான் கேட்டது. பிந்தி வரும் ஒலி முந்தியதைவிடக் கிட்டத்தட்ட 10 டெசிபல் உரக்க இருந்தபோதும் அது தனிக் குரலாகத் தெரியவில்லை. முதலில் வந்ததையே ஒலியின் மூலம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்ததை அதோடு சேர்த்துவிடுகிறது.

சேர்த்துவிட்டாலும் குரலின் நிறம் கெடாமல் இருப்பதில்லை. ஒரே குரலின் இரண்டு பிரதிகள் 5 மில்லி விநாடி இடைவெளியில் கலந்தால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் உள்ள 200, 400 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும். விளைவு, தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல். "எக்கோ" என்று பார்வையாளர்கள் புகார் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் இதுதான்.

தாமதம் 200 மில்லி விநாடியை நெருங்கும்போது வேறு ஒரு தொல்லை. தன் குரலே இந்த அளவு பிந்தித் தன் காதில் விழுந்தால் மனிதனுக்கு நாக்கு குழறும். ஆய்வாளர் பெர்னார்ட் லீ 1950-இல் இதைப் பதிவு செய்தார். நன்றாகப் பேசக்கூடியவர்கள்கூடத் திக்கினார்கள், அசைகளை இழுத்தார்கள். இதே விளைவை வைத்துப் பேசுகிறவரின் வாயை அடைக்கும் கருவி ஒன்றைச் செய்த குரிஹாரா, சுகாடா என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்களுக்கு 2012-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. இணையப் பட்டிமன்றத்தில் நல்ல பேச்சாளர் ஒருவர் திடீரெனத் தடுமாறினால் மேடைக் கூச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குரல் அவருக்கே திரும்பி வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

சரி, தாமதத்தை எப்படி அளப்பது? ஓபிஎஸ்-இல் நேரலைக்குப் போகாமல் பதிவு மட்டும் தொடங்குங்கள். கையை ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். பதிவை நிறுத்தி அந்தக் கோப்பை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறங்கள். வீடியோ கோப்பைத் திறக்க அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச இணைப்பும் வேண்டியிருக்கும். அலைவடிவத்தில் ஒரு கைத்தட்டல் ஒரே கூர்முனையாகத் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் தாமதம். ஒன்றே ஒன்று தெரிந்தால் உங்கள் மைக் கணினிக்குள் இரண்டாகப் பிரியவில்லை என்று உறுதியாகிவிடும். அப்போது சந்தேகப்பட வேண்டியவை விருந்தினரின் குரல், எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கும் உங்கள் நேரலை, இல்லாவிட்டால் அறை.

நேரலையின்போது இரண்டாம் ஒலி பல விநாடிகள் கழித்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். உங்கள் நேரலையே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. யூடியூபுக்குப் போன ஒலி குறியாக்கப்பட்டு, துண்டுகளாகச் சேமிக்கப்பட்டு, திரும்பி வரச் சில விநாடிகள் ஆகும். தாமதக் குறைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இன்னும் அதிகமாகும். அரட்டையைப் படிப்பதற்காகத் திறந்து வைத்த பக்கத்தின் சத்தத்தை அணைக்க மறந்திருப்பீர்கள். ஓபிஎஸ்-இன் "டெஸ்க்டாப் ஆடியோ" அதைப் பிடித்து மறுபடி அனுப்புகிறது. அது மறுபடி திரும்பி வருகிறது. அடுத்த அறையில் வீட்டார் கைபேசியில் உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

தாமதம் சில மில்லி விநாடி முதல் நூறு வரை இருந்தால் தேட வேண்டிய இடம் உங்கள் கணினி. வெப்கேமராவில் ஒரு மைக் உண்டு, மேசையில் ஒரு யூஎஸ்பி மைக், இரண்டும் திறந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன, வெவ்வேறு இடைத்தேக்கங்கள் (பஃபர்) வழியாக வருகின்றன. 48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 1,024 மாதிரிகள் கொண்ட ஓர் இடைத்தேக்கமே 21 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். அடுத்தது கண்காணிப்பு வசதி. ஓபிஎஸ்-இன் "அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்டீஸ்" பகுதியில் ஏதேனும் ஒலிமூலம் "மானிட்டர் அண்ட் அவுட்புட்" என்று இருந்தால் அது நேரலைக்கும் போகும், உங்கள் ஸ்பீக்கருக்கும் போகும். அந்த ஸ்பீக்கரையே டெஸ்க்டாப் ஆடியோவும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரே ஒலி இருமுறை ஏறுகிறது. "மானிட்டர் ஆஃப்" செய்தால் முடிந்தது. விண்டோஸில் மைக் அமைப்புக்குள் "லிசன் டு திஸ் டிவைஸ்" என்றொரு பெட்டி இருக்கிறது. என்றோ சோதிக்க டிக் செய்து மறந்திருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

அளந்து வந்த எண் உங்களுக்குப் பழகிய எண்ணாகவே இருக்கவும் வாய்ப்புண்டு. கேமராப் படம் பிந்துகிறது என்று மைக்குக்கு 300 மில்லி விநாடி ஒத்திசைவுத் தாமதம் கொடுத்திருப்பீர்கள். அதே குரல் வேறு வழியில் தாமதமில்லாமல் நுழைந்தால், சரியாக 300 மில்லி விநாடி இடைவெளியில் இரட்டைக் குரல் கேட்கும்.

விருந்தினர் வரும்போதுதான் விஷயம் உண்மையிலேயே சிக்கலாகிறது. லண்டனிலிருந்து ஒருவர் ஜூம் வழியாக உங்கள் சென்னை நிகழ்ச்சியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்க்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு வழிக்கே 40 மில்லி விநாடி. குறியாக்கம், இடைத்தேக்கம் எல்லாம் சேர்ந்தால் போய்த் திரும்பச் சில நூறு மில்லி விநாடி ஆகிவிடும். லீ சொன்ன நாக்குக் குழறல் எல்லைக்குள் நாம் நேராகப் போய் நிற்கிறோம்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால் தவறு எதிர்முனையில். அவருடைய ஸ்பீக்கரில் ஒலிக்கும் உங்கள் குரலை அவருடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. தொல்லையை அனுபவிப்பவர் ஒருவர், தொல்லையைத் தருபவர் இன்னொருவர். தருபவருக்கு ஒன்றுமே தெரியாது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது சார்" என்று அவர் சொல்வது முற்றிலும் உண்மை. வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் இதற்காகவே ஓர் ஏற்பாடு உண்டு. விருந்தினருக்கு அனுப்பும் கலவையில் அவருடைய சொந்தக் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்றதெல்லாம் அனுப்புவார்கள். மிக்ஸ்-மைனஸ் என்பது தொழிலில் அதன் பெயர். ஜூம் போன்ற செயலிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஆனால் ஓபிஎஸ்-இன் மொத்தக் கலவையை மெய்நிகர் கேபிள் மூலம் ஜூமுக்கு மைக்காகக் கொடுத்தீர்களானால், விருந்தினரின் குரலும் அந்தக் கலவைக்குள்ளேயே இருக்கும். அது அவருக்கே திரும்பிப் போகும். அவருக்குப் போகும் கலவையிலிருந்து ஜூமின் ஒலியை நீங்களே நீக்க வேண்டும்.

இன்னொரு நிலைமையைத்தான் பலர் வருடக்கணக்கில் புரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள். நீங்கள் ஸ்பீக்கரில் விருந்தினரைக் கேட்கிறீர்கள். ஜூம் தன் பக்கம் எதிரொலியை நீக்கிவிடுவதால் அவருக்குச் சுத்தமாகக் கேட்கிறது. உங்களுக்கும் சுத்தமாகக் கேட்கிறது. ஆனால் ஓபிஎஸ் உங்கள் மைக்கை நேரடியாக எடுக்கிறது, ஜூம் சுத்தம் செய்த பிறகு அல்ல. ஆகவே விருந்தினரின் குரல் டெஸ்க்டாப் ஆடியோ வழியாக ஒருமுறையும், ஸ்பீக்கரிலிருந்து காற்றில் பறந்து மைக் வழியாக மறுமுறையும் நேரலைக்குள் ஏறுகிறது. இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்க, பார்வையாளர்கள் மட்டும் எதிரொலியில் தவிக்கிறார்கள். ஹெட்ஃபோன் மாட்டிய அந்த நொடியில் இது மறைந்துவிடும். காற்று வழி அடைபட்டுவிடுகிறது அல்லவா!

ஜூம் எப்படி எதிரொலியை நீக்குகிறது என்பது தகவல் தொழில்நுட்ப வரலாற்றின் அழகான பகுதிகளில் ஒன்று. நீண்ட தூரத் தொலைபேசித் தடங்களில் எதிரொலி 1920-களிலேயே பெரிய தலைவலியாக இருந்தது. அமெரிக்காவில் கிளார்க், மேத்தஸ் இருவரும் 1925-இல் விவரித்த தீர்வு எளிமையானது: ஒருவர் பேசும்போது எதிர்த் திசையைத் துண்டித்துவிடு. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவரின் சொற்கள் வெட்டுப்படும், ஆனாலும் சமாளித்தார்கள். 1965-இல் எர்லி பேர்ட் செயற்கைக்கோள் வந்ததும் சமாளிக்க முடியாமல் போயிற்று. பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் அது இருந்தது. குரல் ஏறி இறங்கி, எதிரொலியாக மறுபடி ஏறி இறங்கினால் ஏறத்தாழ அரை விநாடி. துண்டிக்கும் முறையில் உரையாடலே நடத்த முடியவில்லை.

பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, பெஞ்சமின் லோகன் ஆகியோரிடமிருந்து மாற்று யோசனை வந்தது. எதிரொலியை வெட்டுவதற்குப் பதிலாக, அது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துக் கழித்துவிடலாமே? அனுப்பிய ஒலி நமக்குத் தெரியும். அது போய்த் திரும்பும் பாதை அதை எப்படி மாற்றுகிறது என்பதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். இந்த யோசனைக்கு முழுமையான வடிவம் கொடுத்து 1967-இல் வெளியிட்டவர் மன் மோகன் சோந்தி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தகவல் தொடர்புப் பொறியியலும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். இன்று கோடிக்கணக்கான கைபேசிகளிலும் உலாவிகளிலும் ஒவ்வொரு நொடியும் ஓடும் இந்த வேலையின் ஆரம்பத்தில் அவர் பெயர் இருக்கிறது. நம் பாடநூல்களில் ஒரு வரியாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கற்றுக்கொள்ளும் வடிகட்டி இப்படி வேலை செய்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் பிரதி ஒன்றை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஒலி அறையில் எந்தெந்தத் தாமதத்தில், எவ்வளவு வலுவோடு மைக்கை அடையும் என்று எண்களின் வரிசை ஒன்றை வைத்துக் கணிக்கிறது. கணிப்பை மைக் ஒலியிலிருந்து கழிக்கிறது. மிச்சம் இருந்தால் எண்களைச் சற்றுத் திருத்துகிறது. பேசப் பேச இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கும். அறையின் எதிரொலி 200 மில்லி விநாடி நீடிக்கும் என்று வைத்தால், 16,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 3,200 எண்களை ஓயாமல் திருத்த வேண்டும். நீங்கள் நாற்காலியை நகர்த்தினால் பாதை மாறிவிடும். மறுபடி கற்க வேண்டும். நீங்களும் விருந்தினரும் ஒரே சமயத்தில் பேசினால் மிச்சத்தில் உங்கள் குரலும் கலந்திருப்பதால் வடிகட்டி தவறாகக் கற்றுவிடும். அதனால் அந்த நேரங்களில் கற்பதை நிறுத்திவைக்க வேண்டும். அந்த நேரங்களைக் கண்டறிவதுதான் இன்றுவரை கடினமான பகுதி.

இது தோற்கும் இடங்கள் தெரிந்தால் பல குழப்பங்கள் தீரும். கணிப்பு நடக்க வேண்டுமானால் ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். யூஎஸ்பி மைக்குக்கு ஒரு கடிகாரம், மடிக்கணினி ஸ்பீக்கருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி விலகிப்போகும். மென்பொருள் இந்த விலகலையும் ஓயாமல் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. புளூடூத் ஸ்பீக்கர் நூறு, இருநூறு மில்லி விநாடி கூடுதல் தாமதத்தைச் சேர்க்கும். வடிகட்டி எதிர்பார்க்கும் எல்லையை அது தாண்டிவிடலாம். சிறிய ஸ்பீக்கரை முழு ஒலியளவில் வைத்தால் ஒலி கரகரத்துப் போகும். அந்தக் கரகரப்பு மூல ஒலியில் இல்லாததால் கழிக்க வழியில்லை. எனவே ஸ்பீக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒலியளவைக் குறையுங்கள், மைக்குக்குத் தள்ளி வையுங்கள். கார்டியாய்டு வகை மைக் என்றால் அதன் முதுகுப்புறம் ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். அந்தத் திசையில் அதற்குக் காது மந்தம்.

இசைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எதிரொலி நீக்கமும் இரைச்சல் நீக்கமும் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் எதையும் இரைச்சல் நீக்கி மின்விசிறி என்றே எடுத்துக்கொள்ளும். தம்புரா ஒலிப்பதும் அப்படித்தானே! கர்நாடக இசை வகுப்பில் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதும், நீண்ட கார்வை நடுவில் அறுந்து விழுவதும் இதனால்தான். ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" வசதியைத் திறந்தால் இவை விலகிக்கொள்ளும். விலகியதும் எதிரொலிக்குத் தடுப்பு குறைந்துவிடும். எனவே குருவும் சீடரும் இருவருமே கம்பி ஹெட்ஃபோன் அணிய வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை.

கடைசியாக அறை. கணினியில் எல்லாம் சரி, ஹெட்ஃபோனும் உண்டு, அப்படியும் குரல் கணீரென்று விழாமல் முழங்குகிறது என்றால் சுவர்களைப் பாருங்கள். ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பை இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு சொல் ஐந்தரை விநாடி அளவுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி அடுக்கி அளந்தார் சபைன். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் கிடைக்கும்.

நம் வீட்டு அறைக்கே போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 36. சிமெண்டுப் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை என்று எல்லாம் கெட்டிப் பரப்பு. நூற்றில் மூன்று பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் மொத்த 66 சதுர மீட்டரும் சேர்ந்து 2 சதுர மீட்டர் வேலைதான் செய்யும். முழக்கம் ஏறக்குறைய மூன்று விநாடி! பஞ்சு மெத்தை, கனத்த திரை, துணி நிறைந்த திறந்த அலமாரி, ஜமுக்காளம் என்று 10 சதுர மீட்டருக்குச் சமமான உறிஞ்சலைச் சேர்த்தால் அது அரை விநாடிக்கு இறங்கும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டாதீர்கள். பேச்சின் பெரும்பகுதியை அவை உறிஞ்சுவதில்லை, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அதைவிட மைக்கை வாய்க்கு அருகே கொண்டு வாருங்கள். 60 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் நேரடிக் குரல் 12 டெசிபல் கூடுகிறது. அறை முழக்கம் அப்படியே இருக்கும். காசு செலவில்லாத தீர்வு இது.

அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு அனுப்பும்போது நேரம், இணைப்பு, தலைப்பு ஆகியவற்றோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "தயவுசெய்து கம்பி ஹெட்ஃபோனுடன் வாருங்கள், பத்து நிமிடம் முன்னதாக ஒலியைச் சோதிப்போம்." சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண இயர்ஃபோன் போதும். விருந்தினரிடம் அதுகூட இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கி அனுப்புங்கள்.